கோயம்பேடு தக்காளி மாதிரி ஏறி இறங்கும் மெமரி கார்டு விலை!

சென்னை,

வாசலில் கேமரா. கேமராவுக்குள் மெமரி கார்டு. கார்டின் மேல் "128 ஜி.பி." என்று கொட்டை எழுத்து. சிவப்பு லைட் இரவு பகலாக மினுக்கிக்கொண்டு இருந்தது.

திருடன் வந்தான். பூட்டை உடைத்தான். பீரோவில் இருந்த நகையை அள்ளினான். சாவகாசமாகக் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான்.

கார்டைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை!

புறநகரில் நடந்த இந்தத் திருட்டுக்குச் செய்தி எடுக்கப் போனபோதுதான் இந்த விவகாரம் என் கண்ணில் பட்டது. போலீஸ்காரர் கார்டை லேப்டாப்பில் செருகினார். நீளமாகப் பட்டியல் வந்தது. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. தட்டினால் எல்லாம் கறுப்பு. திருட்டு நடந்த இரவு மட்டும் அல்ல. முந்தின மாதத்தில் இருந்தே கறுப்பு.

வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பெரியவர். "லைட்டு எரிஞ்சுதே தம்பி! தினமும் நான்தானே பார்த்தேன்!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கார்டு எங்கே வாங்கினீங்க ஐயா?"

"பிளாட்பாரத்துலதான். கடையில சொன்ன விலையில பாதி. எல்லாம்தான் மலிஞ்சு போச்சே, இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன்."

அந்த "128 ஜி.பி." கார்டுக்குள் உண்மையில் இருந்தது வெறும் 8 ஜி.பி.!

பெரியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நினைத்ததில் பாதி நிஜம். மெமரி கார்டு மாதிரி விலை விழுந்த சாமான் உலகத்தில் அபூர்வம். ஆனால் அந்த விலை யார் தயவிலும் விழவில்லை. விழுந்த விலை விழுந்தபடியே கிடக்கவும் இல்லை. இதோ விவரம்:-

25 கோடி ரூபாய் கார்டு!

1991-ம் ஆண்டு. அமெரிக்காவில் சான்டிஸ்க் கம்பெனி (அப்போது அதன் பெயர் சன்டிஸ்க்) ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்காக இந்த ஜாதி சிப்புகளை வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தது. கொள்ளளவு 20 எம்.பி. விலை சுமார் 1,000 டாலர். அதாவது ஒரு எம்.பி. 50 டாலர்.

20 எம்.பி. என்றால் என்ன? இன்று செல்போனில் எடுக்கிற நாலைந்து போட்டோ. அவ்வளவுதான்.

அந்த விலைக்கே இன்று 64 ஜி.பி. கார்டு விற்றால் எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 லட்சம் டாலர். டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்தாலே 25 கோடியே 60 லட்சம் ரூபாய்! அந்தக் கார்டைத்தான் சட்டைப் பையில் போட்டு வேட்டியோடு துவைத்துக் காயப் போடுகிறோம்.

கம்பெனியைத் தொடங்கிய மூன்று பேரில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. 2017-ல் மைக்ரான் என்ற இன்னொரு பெரிய சிப் கம்பெனிக்குத் தலைவரானார்.

கண்டுபிடித்தவர் கோர்ட்டுக்குப் போனார்!

சிப்பைக் கண்டுபிடித்தவர் ஜப்பான்காரர். புஜியோ மசுவோகா. தோஷிபா கம்பெனியில் என்ஜினீயர். கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத சிப் இது. அதில் உள்ளதை ஒரே வீச்சில் அழிக்கலாம். கேமராவில் பளிச்சென்று வெட்டுமே, அந்த பிளாஷ் மாதிரி இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொல்ல, பிளாஷ் என்றே பெயர் நிலைத்தது. 1984-ல் முதல் வகையை உலகத்துக்குக் காட்டினார்கள். கார்டில் இருக்கிற "நேண்ட்" வகை 1987-ல் வந்தது.

மசுவோகாவுக்குக் கிடைத்தது என்ன? கம்பெனியை விட்டு வெளியே வந்து, 2004-ல் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006-ல் சமரசம் ஆனபோது கைக்கு வந்தது 8 கோடியே 70 லட்சம் யென். உலகம் முழுக்கக் கொடி கட்டிப் பறந்த சரக்குக்கு இவ்வளவுதான் கூலி!

மாடி மேல் மாடி

விலை எப்படி விழுந்தது? முதல் காரணம், ஒரே இடத்தில் அதிகம் பேரைக் குடி வைத்ததுதான்.

சிப்புக்குள் பொடிப் பொடியாக அறைகள். முதலில் ஓர் அறைக்கு ஒரு புள்ளி விவரம். பிறகு ஓர் அறையில் இரண்டை அடைத்தார்கள். அப்புறம் மூன்று. இப்போது நான்கு. ஒண்டுக்குடித்தனம் என்றால் இதுதான்! வாடகை குறையும், நெரிசல் ஏறும். ஓர் அறைக்கு ஒன்று என்று இருந்த சிப், லட்சம் தடவை அழித்து எழுதினாலும் தாங்கும். மூன்று, நான்கு என்று அடைத்த சிப்புக்கு அந்த ஆயுள் கிடையாது. சில ஆயிரம் தடவை, சில நேரம் அதற்கும் கீழே. இரவு பகலாக எழுதி எழுதி அழிக்கிற வீட்டுக் கேமராவில் சாதா கார்டு சீக்கிரம் படுப்பது இதனால்தான். இதற்கென்றே கெட்டியான கார்டுகள் தனியாக விற்கிறார்கள்.

பக்கவாட்டில் இடம் தீர்ந்தது. மேலே கட்ட ஆரம்பித்தார்கள். 2013-ல் கொரியாவின் சாம்சங் 24 அடுக்கு சிப் கொண்டு வந்தது. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. 14 மாடியை நம் ஊர் பெரிசுகள் எப்படி அண்ணாந்து பார்த்தார்களோ, அப்படி ஊரே அண்ணாந்து பார்த்தது. 2022-ல் மைக்ரான் 232 அடுக்கு! 2024-ல் எஸ்.கே. ஹைனிக்ஸ் 321 அடுக்கு! அதே அளவு மனையில் இத்தனை மாடி கட்டினால் ஒரு வீட்டின் அடக்கம் எவ்வளவு குறையும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தக்காளிக் கணக்கு

ஆனால் அடக்கம் குறைந்தால் மட்டும் விலை குறைந்துவிடுமா? லாபத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்ளாதா? இங்கேதான் கோயம்பேடு வருகிறது.

தக்காளி விலை எகிறினால் என்ன நடக்கும்? ஆளாளுக்குத் தக்காளி போடுவார்கள். எல்லார் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் காய்க்கும். லாரி லாரியாக வந்து இறங்கும். விலை படுத்துவிடும். பறிகூலிகூட வராமல் ரோட்டில் கொட்டுவார்கள். அடுத்த போகம் யாரும் போட மாட்டார்கள். மறுபடி விலை ஏறும்.

மெமரி சிப் அச்சு அசல் அதே கதை. ஒரே வித்தியாசம், இந்தத் தோட்டம் போட ஆயிரக்கணக்கான கோடி டாலர் வரை வேண்டும். கட்டி முடிக்க 2, 3 வருஷம். சிலிக்கான் தட்டு உள்ளே போய் சிப்பாக வெளியே வரவே 2, 3 மாதம். கட்டிவிட்டால் நிறுத்தவும் முடியாது. மிஷின் ஓடினாலும் வட்டி, ஓடாவிட்டாலும் வட்டி. அதனால் விலை விழுந்தாலும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். விலை இன்னும் விழும்.

உலகத்தில் இந்தச் சிப்பைச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், தோஷிபா வழியில் வந்த கியோக்சியா, அதோடு கூட்டுச் சேர்ந்த சான்டிஸ்க், மைக்ரான். பிறகு 2016-ல் தொடங்கிய சீனக் கம்பெனி ஒன்று. இவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில் மனக்கோட்டை கட்டினால் நமக்குக் குஷி. எல்லாரும் ஒரே வருஷத்தில் கையைக் கட்டிக்கொண்டால் நம் பாக்கெட்டுக்கு ஆபத்து.

125 கோடி டாலர் அட்வான்ஸ்!

2005 நவம்பர். ஆப்பிள் கம்பெனி ஒரு காரியம் செய்தது. சாம்சங், ஹைனிக்ஸ், தோஷிபா, மைக்ரான், இன்டெல் என்று 5 கம்பெனிகளுக்கு மொத்தம் 125 கோடி டாலர் முன்பணம் கட்டியது. "2010 வரைக்கும் எங்களுக்குச் சிப் தட்டாமல் வர வேண்டும்" என்பது ஒப்பந்தம். அந்த வருஷம் செப்டம்பரில்தான் ஐபாட் நானோ என்ற பாட்டுப் பெட்டியை இறக்கியிருந்தார்கள். அதற்குள் இருந்தது இதே சிப்.

பெரிய கை அட்வான்ஸ் கொடுத்துவிட்டது. சிப்காரர்களுக்கு ஏக குஷி. போட்டா போட்டி போட்டுக்கொண்டு தொழிற்சாலைகளைப் பெரிதாக்கினார்கள். 2007 ஆகஸ்டு 3-ந்தேதி கொரியாவில் சாம்சங்கின் கிஹுங் தொழிற்சாலையில் கரண்ட் போனது. சில லைன்கள் நின்றன. சிப் விலை துள்ளியது. ஆனால் அது கொஞ்ச நாள்தான். கட்டிய தொழிற்சாலை எல்லாம் ஓட ஆரம்பித்ததும் சரக்கு மலையாகக் குவிந்தது. 2008-ல் உலகமே பணமுடையில் மாட்டியது. வாங்க ஆள் இல்லை. விலை மளமளவென்று சரிந்தது.

சான்டிஸ்க் அந்த வருஷத்தின் கடைசி 3 மாதத்துக்கு மட்டும் காட்டிய நஷ்டம் 186 கோடி டாலர். ஆள் தள்ளாடுவதைப் பார்த்த சாம்சங் செப்டம்பரில் "585 கோடி டாலர் தருகிறோம், கம்பெனியைக் கொடுத்துவிடு" என்றது. சான்டிஸ்க் முடியாது என்றது. அடுத்த மாதமே சாம்சங் பின்வாங்கிவிட்டது. தோஷிபா உற்பத்தியில் 30 சதவீதத்தை வெட்டியது.

நகரத்தில் கொண்டாட்டம்

அங்கே அவர்கள் லபோ திபோ என்று அடித்துக்கொண்டபோது இங்கே நமக்குக் கொண்டாட்டம்! 2004-ல் வந்த நகக்கண் அளவுக் கார்டு, அடுத்த வருஷம் மைக்ரோ எஸ்.டி. என்று பெயர் வாங்கி, செல்போனுக்குள் குடியேறியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடிய காலம் அது.

அண்ணா சாலைக்குப் பின்புறம் ரிச்சி தெரு. பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு. நடக்க இடம் இருக்காது. ரேடியோ வால்வு, டிரான்சிஸ்டர் விற்ற கடைகளில் மெமரி கார்டு சரம் சரமாகத் தொங்கியது. பர்மாவில் இருந்து வந்தவர்களுக்காக 1969-ல் உருவான கடற்கரை பர்மா பஜாரிலும் அப்படியே.

தெருவுக்குத் தெரு "பாட்டு ஏத்தும் கடை" முளைத்தது. கார்டைக் கழற்றிக் கொடுத்தால் போதும். இளையராஜா ஹிட்ஸ், சோகப் பாட்டு, சாமிப் பாட்டு என்று கேட்டதை ஏற்றித் தருவார்கள். (அனுமதி வாங்கித்தான் ஏற்றினார்களா என்று கேட்காதீர்கள். திருட்டு சி.டி. ரெய்டு வந்தால் அந்தக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும்.) நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடம். சித்தப்பா போனில் 1 ஜி.பி. கார்டு. அதைத் தொட்டால் அடி விழும். இன்று அந்தக் கார்டு எங்கள் வீட்டு ஊசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

கொரியாவில் ஒருவருக்கு நஷ்டம் வந்ததால்தான் நம் சித்தப்பாக்கள் காதில் இளையராஜா பாடினார்.

0.07 வினாடி!

நம் ஊரில் கரண்ட் போனால் விசிறியை எடுப்போம். திண்ணையில் உட்காருவோம். மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்கில் இருட்டில் இருந்து பழகியவர்கள் நாம். சிப் தொழிற்சாலைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

2010 டிசம்பர் 8-ந்தேதி. ஜப்பானில் யொக்காயிச்சி நகரம். தோஷிபாவின் பெரிய சிப் தொழிற்சாலை அங்கேதான். மின்சாரம் ஒரு துளி இறங்கி ஏறியது. எவ்வளவு நேரம் தெரியுமா? 0.07 வினாடி! கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மிஷின்கள் நின்றன. உள்ளே இருந்த தட்டுகள் பாழ். அடுத்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அனுப்பும் சரக்கில் 20 சதவீதம் வரை குறையலாம் என்று கம்பெனி அறிவித்தது.

2019 ஜூன் 15-ந்தேதி அதே ஊரில் 13 நிமிஷம் கரண்ட் இல்லை. தொழிற்சாலையில் பங்காளியான வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனிக்கு மட்டும் போன சரக்கு சுமார் 600 கோடி ஜி.பி. 64 ஜி.பி. கார்டாகக் கணக்குப் போட்டால் 9 கோடி கார்டுக்கு மேல்! 13 நிமிஷத்தில்!

2022 பிப்ரவரியில் கரண்ட் போகவில்லை. வேறு வினை. சிப் செய்யப் பயன்படும் பொருளில் கலப்படம் போல ஏதோ அழுக்கு சேர்ந்துவிட்டது. யொக்காயிச்சி, கிட்டகாமி இரண்டு ஊர் தொழிற்சாலைகளும் அடி வாங்கின. இந்தத் தடவை குறைந்தது 650 கோடி ஜி.பி. போச்சு.

இப்படி எங்கேயோ ஓர் ஊரில் லைட் மினுக்கினால் ரிச்சி தெருவில் விலைச்சீட்டு மாறும். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை.

குவிந்தது, விழுந்தது, ஏறியது

கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப், போன் வாங்கினார்கள். சிப்காரர்கள் இது நிற்கவே நிற்காது என்று நம்பினார்கள். 2022-ல் நின்றுவிட்டது. பழைய கதை திரும்பியது. குடோன் நிறையச் சரக்கு. கியோக்சியா 2022 அக்டோபரில் உற்பத்தியில் 30 சதவீதத்தைக் குறைத்தது. எதற்கும் அசையாத சாம்சங்கே 2023 ஏப்ரலில் உற்பத்தியைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. அந்த வருஷம் முதல் 3 மாதத்தில் அதன் சிப் பிரிவுக்கு நஷ்டம் 4.58 லட்சம் கோடி வொன்! 2023-ல் கார்டும் பென்டிரைவும் நம் பக்கம் கொள்ளை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இந்த நஷ்டம்தான். கடைக்காரர் நமக்காகத் தள்ளுபடி கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டோம்.

2025 தொடக்கத்தில்கூடக் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு இருந்தன. அந்த வருஷப் பின்பாதியில் கதை தலைகீழ். செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்காக உலகமெங்கும் ராட்சதக் கூடங்கள் கட்டுகிறார்களே, அவர்கள் வந்து மொத்தச் சரக்கையும் கேட்டார்கள். கத்தை கத்தையாகப் பணம். சிப் விலை கிடுகிடுவென்று ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் "குருஷியல்" சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கவே சரக்குப் போதவில்லை என்பது காரணம்.

இதில் மெமரி கார்டு எங்கே நிற்கிறது? வரிசையின் கடைசியில்! ஐபோனில் என்றைக்கும் கார்டு போட இடம் இருந்ததில்லை. சாம்சங்கும் 2021-ல் தன் உயர்ந்த ரகப் போனில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. கேமராக்காரர்கள், கல்யாண வீடியோக்காரர்கள், வாசலில் கேமரா மாட்டிய பெரியவர்கள்தான் மிச்சம். கல்யாண மண்டபத்தில் ரேஷன் கடை க்யூ மாதிரி நின்றால், முதல் பந்தி கம்ப்யூட்டர் கூடத்துக்கு. கடைசிப் பந்திதான் நமக்கு. வடை இருந்தால் உண்டு.

நம் நாட்டில் குஜராத் சானந்தில் தொழிற்சாலை போடுவதாக மைக்ரான் 2023-ல் அறிவித்தது. அங்கே வேலை, வந்த சிப்பைச் சோதித்துக் கட்டிக் கொடுப்பது. சிப் விளையும் தோட்டம் அது அல்ல.

பொய் சொல்லும் கார்டு

அசல் விலை ஏறினால் யாருக்குக் கொண்டாட்டம்? போலிக்காரனுக்கு!

மெமரி கார்டு என்பது வெறும் சிப் அல்ல. அந்த நகக்கண்ணுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதை வேறு மாதிரி பேச வைக்கலாம் என்று ஆண்ட்ரூ ஹுவாங் என்ற என்ஜினீயரும் அவருடைய கூட்டாளியும் 2013-ல் ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் செய்தே காட்டினார்கள். மோசடிக்காரர்களுக்கு அது முன்பே தெரியும். 8 ஜி.பி. சிப்பை வைத்து, "நீ 128 என்று சொல்லு" என்று குட்டிக் கம்ப்யூட்டருக்குப் பாடம் எழுதிவிடுவார்கள். போனில் போட்டாலும், லேப்டாப்பில் போட்டாலும் 128 என்றே காட்டும். முதல் 8 ஜி.பி. வரை ஒழுங்காக வேலை செய்யும். வாங்கினவன் திருப்தியாகப் போய்விடுவான். அதற்குப் பிறகு வருவது எல்லாம் கிணற்றில் போட்ட கல். சில கார்டு பழசின் மேலேயே புதுசை எழுதும். பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருக்கும்!

பெரியவர் வீட்டில் நடந்தது இதுதான். கேமரா மேல் தப்பு இல்லை. அது பாட்டுக்கு எழுதியது. கார்டு பாட்டுக்கு "ஆச்சு, ஆச்சு" என்றது.

கண்டுபிடிக்க நம்பகமான வழி, கார்டை விளிம்பு வரை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. இதற்கு இலவச புரோகிராம்கள் இருக்கின்றன. ரிச்சி தெருவில் கேட்டால் செய்து காட்டும் கடைகளும் உண்டு.

போன வாரம் பெரியவரை அங்கே அழைத்துப் போனேன். கெட்டியான ரகம் 64 ஜி.பி. கார்டு கேட்டார். விலையைக் கேட்டதும், "என்னப்பா இது, ஏறிப்போச்சா?" என்று முகம் சுருங்கியது. "மேல இருந்து ஏறுது ஐயா, நாங்க என்ன பண்றது" என்றார் கடைக்காரர். பில் போடச் சொல்லி, அங்கேயே நிரப்பிப் பார்க்கச் சொன்னோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. 64-ம் சரியாக இருந்தது.

கார்டை பில்லோடு சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நகை இன்னும் கிடைக்கவில்லை. ஆசாமியைப் போலீசார் வலைவீசித் தேடி வருகிறார்கள்.